நூதனசாலையில் ஓர் இரவு

லண்டனில் வாழும் அக்காவின் பேத்திக்கு எட்டு வயது. அங்குள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையில் நடைபெறவிருக்கும் நிகழ்ச்சியொன்றுக்காக நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். 'டைனோ ஸ்னோர்ஸ்' என்ற பெயரில் பிள்ளைகளை அங்கே இராத்தங்க வைக்கிறார்கள். கைவிளக்குடன் டைனோசர்களிடையே சுற்றித் திரிந்த பின்னர், பெரிய மண்டபத்தின் தரையிலே படுக்கைப் பையை விரித்து உறங்க வேண்டும். மேலே 25 மீற்றர் நீளமான நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்கும். 1891 இல் அயர்லாந்தின் வெக்ஸ்போர்ட்டில் கரையொதுங்கிய திமிங்கிலம் அது. 'டிப்பி' என்ற டைனோசர் நின்ற மண்டபத்தில் 2017 இல் அதனைத் தொங்கவிட்டார்கள். (டிப்பி வெறும் சாந்து வார்ப்பு என்பதை நான் பேத்தியிடம் சொல்லவில்லை.)

தொலைபேசியில் அக்கா குறைப்பட்டுக்கொண்டார்.

"காசு குடுத்தோ தம்பி தரையில படுக்கினம்?"

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது, தென்மராட்சிப் பாடசாலையொன்றின் சீமெந்துத் தரையில், முன்பின் அறியாத குடும்பங்களுக்கு நடுவே வாரக்கணக்காகப் படுத்தவர் அவர். அருகில் மகள். அவளுக்கும் அப்போது எட்டு வயதுதான். இப்போது பேத்திக்குத் துணையாகப் போகவிருப்பவளும் அவளே.

நான் பதிலேதும் சொல்லவில்லை. நேற்று அக்கா மீண்டும் அழைத்தார். அந்தத் தரை குளிருமோ, இரண்டு பேருக்கும் ஒரு போர்வை காணுமோ என்று கேட்டார்.