கியோட்டோ நாட்கள் – 6: தெற்கு வாசல்

ஐந்து வாரமாகக் கோயில்களையும் தோட்டங்களையும் பற்றி எழுதிவிட்டேன். இன்னொரு பாசி படர்ந்த தோட்டத்தை வர்ணிக்க எனக்குத் தெம்பில்லை; படிக்கிறவர்களுக்கும் பொறுமை இருக்காது. தொடர் முடிகிற இந்த வாரம், முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஊருக்குள் நாங்கள் போய்ச் சேர்ந்த கதை அது. ஊர் திரும்பிய பிறகும் என் மனதில் நிற்பது பொற்கோயில் அல்ல, அந்த ஒரு மணி நேரப் பேருந்துதான்.

கியோட்டோவுக்கு விமான நிலையம் கிடையாது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பேரரசர் வாழ்ந்த ஊர். இன்றைக்குப் பதினான்கு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் இருக்கிறார்கள். ஆனால் வடக்கே மலை, கிழக்கே மலை, மேற்கே மலை. கிண்ணத்தின் அடியில் உட்கார்ந்திருக்கும் ஊரில் ஓடுபாதைக்கு எங்கே போவது? வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஒசாகா விரிகுடாவில் கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவில் இறங்க வேண்டும். 1994 செப்டம்பர் 4 அன்று திறந்த கன்சாய் விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது. கியோட்டோ அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர். ஹருகா என்ற விரைவு ரயில் ஒன்றேகால் மணி, மிஞ்சினால் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுவந்து விட்டுவிடுகிறது.

அந்த ரயிலில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. தங்கை தூங்கினாள். நான் சன்னல் வழியே வீடுகளின் மாடியில் உலரும் துணிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ரயில் 30-ஆம் நடைமேடையில் நின்றது. அது நிலையத்தின் மேற்குக் கோடி. பெட்டிகளை உருட்டிக்கொண்டு நடந்தோம், நடந்தோம். 1997-இல் கட்டிய அந்த நிலையக் கட்டடம், மழைக்கு ஒதுங்கிய மலைப்பள்ளத்தாக்கு மாதிரி இருக்கிறது. அதைத் தாண்டி வெளியே வந்ததும் தங்கை டாக்ஸி வரிசையைப் பார்த்தாள். நான் பேருந்து வரிசையைப் பார்த்தேன். எங்கள் சண்டை அங்கே ஆரம்பித்தது.

தங்குமிடத்தின் விளம்பரத்தில் ‘ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம்’ என்று போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் முன்பணம் கட்டினேன். தங்கை வரைபடத்தைத் திறந்து காட்டினாள். நிலையம் என்றால் கியோட்டோ நிலையம் அல்ல, நகரத்துக்குள்ளே நிஜோ என்ற ஒரு சின்ன நிலையம். அங்கிருந்தும் பத்து நிமிடம் பேருந்தில்தான், நடையில் அல்ல. நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் வடக்கே போக வேண்டும்.

“அக்கா, பேசாம டாக்ஸில போயிடலாம். ரெண்டாயிரம் யென்னுக்கு மேல ஆகும், ஆகட்டும்.”

“பஸ்ஸுக்கு 230 யென். எங்க ஏறி எங்க இறங்கினாலும் அதே காசு. ரெண்டு பேருக்கு 460. எதுக்கு டாக்ஸி?”

“இந்தப் பெட்டிய வெச்சுக்கிட்டு பஸ்ல ஏறவே கூடாது. அங்க பாரு, எழுதியே வெச்சிருக்கான்.”

எழுதித்தான் வைத்திருந்தார்கள். பெரிய பெட்டிகளோடு பேருந்தில் ஏறாதீர்கள், நிலையத்திலேயே கொடுத்தால் தங்குமிடத்துக்கு அனுப்பிவைக்கிறோம் என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். ஏமாற்றப்பட்ட கோபத்தில் இருந்த நான் அதை மதிக்கவில்லை. இனி ஒரு யென்கூட வீணாகக் கொடுப்பதில்லை என்று பிடிவாதமாக வரிசையில் நின்றுவிட்டேன். அது தப்பு. கியோட்டோ போகிறவர்கள் தயவுசெய்து பெட்டியை அனுப்பிவிட்டுக் கைவீசி ஏறுங்கள். அந்தப் பேருந்து சுற்றுலாக்காரர்களுக்காக ஓடுவதல்ல. மருந்து வாங்கப் போகிற கிழவருக்கும் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்கும் அது ஒன்றுதான் வண்டி.

206-ஆம் எண் பேருந்து. பின்வாசலில் ஏறி, முன்வாசலில் ஓட்டுநர் பக்கத்து உண்டியலில் காசு போட்டு இறங்க வேண்டும். உள்ளே நெருக்கியடித்த கூட்டம், ஆனால் சத்தமே இல்லை. யாரும் எங்களைத் திட்டவில்லை. பெட்டிகளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நம்மூர் கண்டக்டர் இரண்டு வார்த்தை கத்தியிருந்தால் எனக்கு மனம் லேசாகியிருக்கும்.

இரண்டு திருப்பம் தாண்டி ஒரு சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது தங்கையின் பெட்டி கைநழுவி உருண்டது. போய் ஒரு அம்மாவின் காலில் மோதியது. எழுபத்தைந்து வயது இருக்கும். வெள்ளைத் தொப்பி, கையில் துணிப்பை. நாங்கள் பதறிப்போய், தெரிந்த ஒரே மன்னிப்புச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னோம். அவர் காலைத் தடவிக்கொண்டார். பிறகு பெட்டியைத் தன் பக்கம் இழுத்து இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். “ம்” என்று தலையசைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி அசையவில்லை.

கியோட்டோவில் இரண்டே சுரங்க ரயில் பாதைகள். ஒன்று 1981-இல் வந்தது, மற்றது 1997-இல். எங்கே தோண்டினாலும் பழைய தலைநகரின் ஓடும் பானையும் கிடைக்கிற மண் அது. அகழாய்வு முடியாமல் கட்டட வேலை நடக்காது. டிராம் வண்டிகள் இருந்திருக்கின்றன. ஜப்பானில் மின்சார டிராம் முதன்முதலாக ஓடியதே இந்த ஊரில்தான், 1895-இல். அதை 1978-இல் முழுவதும் நிறுத்திவிட்டார்கள். ஆகவே சுரங்க ரயில் எட்டாத எங்கள் பகுதிக்கு மிஞ்சியது பேருந்து. கடலுக்குள்ளிருந்து 100 கிலோமீட்டரை அத்தனை வேகமாகக் கடந்தவர்கள், கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு ஐம்பத்தைந்து நிமிடம் நின்றோம். தெருக்கள் கட்டம் கட்டமாக இருப்பதால் மூலைக்கு மூலை ஒரு விளக்கு.

அந்த அம்மாவிடம் தங்குமிடத்தின் முகவரியைக் காட்டினேன். சென்பொன் தெரு, இமதெகவா தெரு, அதற்குப் பிறகு ஒரு சொல். அந்தச் சொல்லில் விரலை வைத்து “அகரு” என்றார். கைபேசி அதை ‘மேலே செல்லுங்கள்’ என்று தமிழாக்கியது. மாடியா? இந்தப் பெட்டியோடு மாடி ஏற வேண்டுமா? தங்கை என்னை முறைத்தாள். அம்மா தலையை ஆட்டி மறுத்தார். துணிப்பையிலிருந்து ஒரு பழைய கடித உறையை எடுத்தார், பென்சில் எடுத்தார், ஆடுகிற பேருந்தில் வரைய ஆரம்பித்தார்.

முதலில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். மேலே நடுவில் ஒரு பெட்டி. அதற்குள் ஒரு ஆள், முகம் கீழ்ப்பக்கம் பார்க்க. அரண்மனை வடக்கே, அரசர் பார்ப்பது தெற்கே. வடக்கே போனால் அகரு, அதாவது ஏறுவது. தெற்கே போனால் சகரு, இறங்குவது. எங்கள் வீடு இமதெகவா குறுக்குத்தெருவிலிருந்து வடக்கே. அவ்வளவுதான் அந்த ‘மேலே’. பிறகு படத்தின் வலது கைப்பக்கம் ஓர் எழுத்தைப் போட்டார். கைபேசி அதை ‘இடது’ என்றது. தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்தேன். அவர் அந்தச் சின்ன அரசரைத் தொட்டு, தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். தெற்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறவருக்குக் கிழக்குதானே இடப்பக்கம்! நகரின் கிழக்கே இருக்கும் வட்டத்துக்கு இன்றும் ‘இடது தலைநகர்’ என்று பொருள்படும் சாக்கியோ என்றுதான் பெயர். பேரரசர் தோக்கியோவுக்குப் போனது 1869-இல். அவருடைய இடமும் வலமும் தபால்காரருக்கு இன்னும் செல்லுபடியாகிறது. நான் மெய்சிலிர்த்துப் போனேன்.

794-இல் கம்மு பேரரசர் இந்த நகரை அமைத்தபோது சீனத்தின் சாங்கான் நகரத்தை மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். காஞ்சிபுரத்துக்கு வந்தாரே யுவான் சுவாங், அவர் புறப்பட்ட ஊர் அது. கிழமேற்காக நாலரை கிலோமீட்டர், தென்வடலாக ஐந்தே கால் கிலோமீட்டர் அளவில் ஒரு செவ்வகம். நட்ட நடுவே அரண்மனையிலிருந்து தெற்கே இறங்கும் சுசாக்கு பெருவீதி. அகலம் 84 மீட்டர். அதன் தெற்கு முனையில் ரஷோமோன் என்ற கோபுர வாசல். வெளிநாட்டுத் தூதர் ஆனாலும் அந்த வாசலில் நுழைந்து, பேரரசரின் முகத்தை நோக்கி வடக்கே நடக்க வேண்டும்.

எங்கள் பேருந்து போய்க்கொண்டிருந்த சென்பொன் தெருதான் அந்தச் சுசாக்கு வீதி. இதைப் பேருந்தில் நான் அறியவில்லை; இரவு வாசித்துத் தெரிந்துகொண்டேன். 84 மீட்டரில் பெரும்பகுதியை வீடுகளும் கடைகளும் எடுத்துக்கொண்டுவிட்டன. நகரின் மேற்குப் பாதி சதுப்பு நிலம் என்பதால் மக்கள் கிழக்கே நகர்ந்தார்கள். நடுவீதியாக இருந்தது மேற்கு ஓரத் தெருவாகிவிட்டது. அரண்மனையின் பெருமண்டபம் 1177-இல் தீயில் போனது, திரும்பக் கட்டவில்லை. அது இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நிறுத்தம் வருகிறது. நாங்கள் அதைக் கடந்தபோது ஒரு பையன் ஐஸ்கிரீம் தின்றுகொண்டே ஏறினான்.

1877-இல் ரயில் வந்தபோதும் தெற்கிலிருந்துதான் வந்தது. மலையில்லாத பக்கம் அது ஒன்றுதானே. நெருக்கமான ஊருக்குள் நுழையாமல் தெற்கு விளிம்பிலேயே நிலையம் கட்டினார்கள். 1964-இல் புல்லட் ரயிலும் அதே இடத்தை ஒட்டி வந்தது. 1994-இல் விமான நிலைய ரயிலும் அங்கேயே வந்து சேர்ந்தது. ஆக, யாராக இருந்தாலும் தெற்கு வாசலில் இறங்கி வடக்கே ஏற வேண்டும் என்ற கம்மு பேரரசரின் ஏற்பாடு மாறவே இல்லை. விமான நிலையத்தின் தூரத்தைக் குறை சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தூரம்தான் இந்த ஊரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். தலைக்கு மேலே விமானம் இரையாத இவ்வளவு பெரிய ஊரில் நான் தங்கியது இதுவே முதல் தடவை. ஆனால் ஊருக்குள் ஓடும் பேருந்துகளைப் பற்றி எனக்கு அத்தனை நல்லெண்ணம் இல்லை. வெளியூர்க்காரர்களை இத்தனை பேர் வரவேற்றுவிட்டு, உள்ளூர்க் கிழவியின் காலில் பெட்டி மோதும்படி விடுவது நியாயமா?

அந்த அம்மா எங்களோடு இறங்கினார். அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. இமதெகவா மூலையில் நின்று, “அகரு” என்று வடக்கே கைகாட்டி, முன்னே நடந்தார். எட்டு நிமிட நடை. முன்பக்கம் குறுகி உள்ளே நீளமாகப் போகும் பழைய வீடுகள். விலாங்கு மீனின் படுக்கை என்று இவற்றுக்குப் பட்டப்பெயர். ஒரு வீட்டுக்குள்ளிருந்து தறிச்சத்தம் கேட்டது. அது நிஷிஜின், பட்டு நெசவாளர்களின் பேட்டை. எங்கள் கதவைத் தானே தட்டி, திறந்த பையனிடம் ஏதோ கண்டிப்பாகச் சொன்னார். அவன் தலைகுனிந்து எங்கள் பெட்டிகளை வாங்கிக்கொண்டான். விளம்பரத்தைப் பற்றித்தான் சொல்லியிருப்பார் என்று தங்கை இன்றைக்கும் சாதிக்கிறாள். (நானும் எழுத்தில் புகார் கொடுத்தேன். அழகான மன்னிப்பு வந்தது. பணம் வரவில்லை.)

போகும்போது துணிப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். மறுத்தோம். அவர் விடவில்லை.

அன்றிரவு மணி ஒன்பது. மீன் சாறு கலக்காத உணவைத் தேடிக் களைத்துப்போன நேரம். மூலைக்கடையில் சூடாக்கிய சோற்று டப்பா இரண்டு, சர்க்கரை போடாத தயிர் ஒரு டப்பா வாங்கினோம். பொட்டலத்தைப் பிரித்தால் அடர்ந்த ஊதா நிறத்தில் ஊறுகாய். கத்தரிக்காயைச் சிவப்பு ஷிசோ இலையோடு உப்பில் ஊறவைத்தது. ஷிபாசுகே என்று பெயர். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர் என்பதால் மீனைக்கூட உப்பிட்டுத்தான் மலை தாண்டிக் கொண்டுவந்தார்களாம்; காய்கறியை ஊறவைக்கும் கைப்பக்குவம் இவர்களுக்கு அலாதி. தயிரைச் சோற்றில் கொட்டிப் பிசைந்தோம். ஜப்பான் அரிசியின் பசைக்குத் தயிர் நன்றாகவே ஒட்டுகிறது. ஊறுகாயைக் கடித்தால் நறுக்கென்று ஒரு புளிப்பு, பின்னால் இலையின் வாசனை. சோறு ஊதாவாக மாறியது. காலையிலிருந்து பேசாத தங்கை, “அக்கா, இன்னும் கொஞ்சம் தயிர் இருக்கா?” என்றாள். சண்டை தீர்ந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் தோஜி கோயிலுக்குப் போனோம். ஏறத்தாழ 55 மீட்டர் உயர மரக்கோபுரம், 1644-இல் கட்டியது. நின்று பார்த்தோம், போதும் என்றிருந்தது. அங்கிருந்து மேற்கே கொஞ்சம் நடந்தால் ரஷோமோன் இருந்த இடம். 980-இல் புயலில் விழுந்தது, மறுபடி எழவேயில்லை. குரோசவாவின் படம் பார்த்தவர்கள் பெரிய சிதிலத்தை எதிர்பார்த்துப் போக வேண்டாம். சிறுவர் பூங்கா ஒன்று, அதற்குள் வேலி போட்ட ஒரு கல்தூண். இரண்டு குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தூதர்கள் நுழைந்த வாசல் அது.

திரும்பும் நாளில் பெட்டிகளை முன்கூட்டியே அனுப்பிவிட்டோம். அதிகாலைப் பேருந்தில் ஆறு பேர்தான். வெறுங்கையோடு சென்பொன் தெருவில் தெற்கே இறங்கினோம், இருபத்தைந்தே நிமிடம். 2018 செப்டம்பரில் புயலில் அடித்துவரப்பட்ட எண்ணெய்க் கப்பல் விமான நிலையப் பாலத்தில் மோதி, ஆயிரக்கணக்கானவர்கள் அந்தத் தீவில் சிக்கிக்கொண்ட செய்தியைத் தங்கை எங்கோ படித்திருந்தாள். சீக்கிரம் போய்விடலாம் என்று அவசரப்படுத்தினாள்.

நிலையத்தின் வடக்கு முற்றத்தில் ஒரு மர வாசல் நிற்கிறது. வந்த அன்று கோபத்தில் அதைப் பார்க்காமலே போயிருக்கிறேன். ரஷோமோனின் மாதிரி, பத்தில் ஒரு பங்கு அளவில் செய்தது. சிவப்புத் தூண்கள், இரண்டடுக்குக் கூரை. பக்கத்தில் ஒரு குடும்பம் பெட்டிகளோடு பேருந்து வரிசையைத் தேடிக்கொண்டிருந்தது. தங்கை அவர்களிடம் போய், பெட்டி அனுப்பும் இடத்தைக் கைகாட்டிச் சொல்லிவிட்டு வந்தாள். நாங்கள் 30-ஆம் நடைமேடைக்கு நடந்தோம்.

(முற்றும்)