உடன் வரும் தோட்டம்

இரயில்வே உத்தியோகத்தில் இருப்போர்க்குத் தோட்டம் எளிதில் வாய்ப்பதன்று. நட்ட வேம்பு நிழல் தருமுன் மாற்றல் உத்தரவு வந்துவிடும். முருங்கைக் காயைப் பின்வரும் குடும்பம் பறிக்கும். ஆதலால் நாங்கள் தில்லிக் குவார்ட்டர்ஸ் வாசலில் நர்கீஸ் வளர்க்கின்றோம்.

நர்கீஸ், வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து முளைப்பது. ஊரில் சம்பங்கிக் கிழங்கு நட்டுப் பழகிய அன்பர்களுக்கு இதுவும் எளிதே. ஐப்பசியில் வெயில் தணிந்தபின், கிழங்கின் உயரத்தைப்போல் இருமடங்கு ஆழத்தில், நீர் தேங்காத மண்ணில் நடவேண்டும். தைப் பனியில் வெள்ளிதழும் பொற்கிண்ணமுமாக மலர்ந்து மணம் வீசும். உருதுக் கவிஞர்கள் இம்மலரைக் கண்ணுக்கு உவமையாக்குவர்.

துலிப் மலரை ஏன் வளர்க்கலாகாது எனச் சிலர் வினவுவர். அதன் கிழங்கிற்கு ஏறத்தாழ மூன்று மாதக் கடுங்குளிர் வேண்டும். 2007-ல் ஸ்ரீநகரில் தால் ஏரிக்கருகே திறக்கப்பெற்ற தோட்டத்தில் அது பங்குனியில் பூத்துக் குலுங்குவது அதனாலேயே. தில்லிச் சாந்தி பாதையில் மாசியில் காண்பவை, முன்னரே குளிரூட்டி ஹாலந்திலிருந்து தருவித்த கிழங்குகளின் மலர்கள். மறு ஆண்டும் அவை இங்கே பூக்கும் என நம்புவதற்கில்லை. நர்கீஸோ இம்மண்ணோடு இணங்கிவிடும்.

பூ உதிர்ந்ததும் இலைகளை அறுத்தல் தகாது. அடுத்த ஆண்டின் மலருக்கான உணவை அவ்விலைகளே சமைத்துக் கிழங்கில் சேர்க்கின்றன. அவை தாமே பழுத்துச் சாய்ந்தபின் கிழங்கைத் தோண்டி, நிழலில் உலர்த்திப் பையிலிடலாம். அடுக்களை வெங்காயத்தருகே மட்டும் வைக்கவேண்டா, இக்கிழங்கு நஞ்சுடையது.

ஜான்சியில் எங்களிடம் இருந்தவை பன்னிரண்டு கிழங்குகள். அம்பாலாவிற்கு மாற்றல் வந்தது மாசி மாதத்தில். இலைகள் பச்சையாகவே இருந்தன. பள்ளியையும் தோழியரையும் பிரியவிருந்த எங்கள் மகள், "இவற்றையும் விட்டுவிட்டுப் போகவேண்டுமா?" என்று கேட்டாள். மண்ணோடு பெயர்த்து எண்ணெய் டின்களில் வைத்து எடுத்துச் சென்றோம். மறு ஆண்டு மலர்ந்தவை இரண்டே. அதற்கடுத்த ஆண்டு வாசல் நிறையப் பூத்தது. அதற்குள் அவளுக்கும் புதிய தோழியர் வாய்த்திருந்தனர்.

இன்று தில்லியில் அவை நாற்பதுக்கு மேல் பெருகியுள்ளன. வேண்டும் சங்க அன்பர்கள் வைகாசியில் குழந்தைகளுடன் எங்கள் இல்லம் வருக. நடும் முறையை எங்கள் மகளே நல்ல தமிழில் எடுத்துரைப்பாள்.