பழமையும் மெய்ம்மையும்

பழனி மலைத்தொடரின் மேற்புறத்தே அமைந்த கொடைக்கானல் நகரின் ஒரு பகுதி நாயுடுபுரம். முகில் தவழும் அவ்வூரில் கதிரவனை நோக்கிப் பொழுதறிதல் எல்லா நாளும் இயலுவதன்று. நண்பகலிலும் பனிமூட்டம் சூழ்ந்து மரங்களை மறைத்துவிடும். அத்தகைய மலையூர்களில் வாழ்வோர்க்குக் கடிகாரம் இன்றியமையாத துணையாகும். ஆனால் அம்மலையின் ஈரமும் குளிருமே கடிகாரத்துக்குப் பகையுமாகும்.

பொழுதை அளக்கும் கருவிக்கும் பொழுது கழியக் கழிய முதுமை வந்தெய்துகிறது. அதன் உறுப்புக்கள் தேய்கின்றன, சில மாற்றப்படுகின்றன. முதுமையுற்ற கடிகாரம் ஒன்றில் உடன்பிறந்த உறுப்புக்கள் எவை, இடையில் வந்து சேர்ந்தவை எவை என்று ஆராய்ந்து காண்பது ஒரு தனிக்கலை. பழைய கைக்கடிகாரங்களைத் திரட்டுவோர், சிறப்பாகக் கடலில் மூழ்குவோர்க்கென்று செய்யப்பெற்ற கடிகாரங்களைத் திரட்டுவோர், இக்கலையில் வல்லுநராதல் வேண்டும். அதன் இயல்பும் அதனுள் அடங்கிய அறமும் அறியத்தக்கன.

இக்கலையின் முதற்பாடம் கொடைக்கானலிலேயே உள்ளது. கிழக்கிந்தியக் கும்பினியார் 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வான்காட்சி நிலையம் ஒன்றை அமைத்தனர். 1899-இல் வானாராய்ச்சிப் பணி கொடைக்கானல் மலைக்கு மாறியது. சென்னையிலிருந்து மலையேறிய கருவிகளுள் ஒன்று, இலண்டன் நகரத்து ஜான் ஷெல்டன் என்னும் கைவினைஞர் செய்த ஊசற்கடிகாரம். 1769-இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் குறுக்கே கடந்தபோது, தாகித்தித் தீவில் இருந்து அதனை அளந்த காப்டன் குக் குழுவினர் கொண்டுசென்றதும் ஷெல்டன் செய்த இத்தகைய கடிகாரமேயாகும்.

அந்நிலையத்தின் மற்றொரு செல்வம் 6 அங்குலத் தொலைநோக்கி. பாரிசு நகரத்து லெரபூர், செக்ரத்தான் என்னும் இருவரது தொழிலகத்தில் உருவான அது 1850-இல் சென்னை நிலையத்துக்குக் கிடைத்தது. 1898-இல் கிரப் என்னும் புகழ்பெற்ற கருவியாளரால் திருத்தியமைக்கப்பெற்றது. பின்னர்க் கொடைக்கானலில் கதிரவனைப் படம்பிடிக்கும் பணியில் நெடுங்காலம் உழைத்தது. இத்தொலைநோக்கியின் வரலாற்றைக் கூறுவோர் 1850 என்னும் ஆண்டோடு 1898 என்னும் ஆண்டையும் சேர்த்தே கூறுகின்றனர். திருத்தம் நிகழ்ந்ததை மறைப்பாரில்லை. அத்திருத்தத்தால் அதன் பெருமை சிறிதும் குறையவில்லை. பழைய பொருளை மதிப்பிடுவார் இவ்வுண்மையை முதற்கண் மனத்திற்கொள்ளல் வேண்டும்.

இனி, மூழ்குநர் கடிகாரம் தோன்றிய வரலாற்றை நோக்குவோம். ஆழ்கடலில் மூழ்குதல் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. கொற்கை முதலிய துறைகளில் முத்துக் குளித்தோர், கயிற்றிற் கட்டிய கல்லின் துணையால் கடலடிக்கு இறங்கிச் சிப்பிகளைத் திரட்டினர். மூச்சு முட்டியதும் கயிற்றை அசைத்து மேலெழுந்தனர். அவர்க்கு மூச்சே கடிகாரம். 1943-இல் பிரஞ்சு நாட்டவராகிய கூஸ்தோ, கன்யான் என்னும் இருவர் காற்றடைத்த உருளையை முதுகிற் சுமந்து நீருள் உலவும் கருவியை உருவாக்கினர். அதன்பின் மனிதன் கடலுக்குள் நெடும்பொழுது தங்கலானான். அதனால் புதிய இடர் ஒன்றும் தோன்றியது. உருளையிலுள்ள காற்று இத்துணை நிமிடத்துக்கே போதும் என்னும் வரையறை உண்டு. மேலும், ஆழத்தில் நெடும்பொழுது இருந்தவன் விரைந்து மேலெழுந்தால், குருதியிற் கரைந்த நைட்ரசன் குமிழிகளாகப் பிரிந்து உயிருக்கே ஊறு செய்யும். நிமிடக் கணக்குத் தவறினால் உயிர் தவறும்.

இவ்விடரை நீக்கவே மூழ்குநர் கடிகாரம் பிறந்தது. 1953-இல் சுவிட்சர்லாந்து நாட்டுப் பிளான்பேன் நிறுவனம் பிரஞ்சுக் கடற்படையின் மூழ்குவீரர்களுக்கென ஒன்றைச் செய்தது. ‘ஐம்பது பாகம்’ எனப் பொருள்படும் ‘ஃபிஃப்டி ஃபாதம்ஸ்’ என்பது அதன் பெயர். இரு கைகளையும் விரித்த நீளத்தைத் தமிழ்க் கடலோடிகள் பாகம் என்று வழங்குவர். ஐம்பது பாகம் ஏறத்தாழ 91 மீட்டர் ஆழமாகும். ரோலக்ஸ் நிறுவனத்தின் ‘சப்மரினர்’ கடிகாரமும் அக்காலத்ததே. இவற்றின் முகப்பைச் சுற்றிச் சுழலும் வளையம் ஒன்று உண்டு. நீரில் இறங்குமுன் வளையத்தின் குறியை நிமிட முள்ளுக்கு நேரே நிறுத்திவிட்டால், கழிந்த நிமிடங்களை வளையமே காட்டும். இருளிலும் தெரியும்பொருட்டு எண்களிலும் முட்களிலும் ஒளிரும் பொருள் பூசப்பெற்றது. பம்பாயில் 19-ஆம் நூற்றாண்டிலேயே வாணிகம் தொடங்கி, இந்தியர் பலர்க்கு அறிமுகமான ஃபேவர் லூபா நிறுவனமும் 1964-இல் ‘டீப் புளூ’ என்னும் மூழ்குநர் கடிகாரத்தை வெளியிட்டது.

உழைக்கப் பிறந்த இக்கடிகாரங்கள் உப்புநீரிலும் வெயிலிலும் அடிபட்டன. ஆதலின் முதலில் இருந்த உறுப்புக்கள் அனைத்தும் நிலைத்துள்ள கடிகாரங்கள் அரியவாயின. அரியதற்கு விலை மிகுதி. விலை மிகுந்த இடத்தில் வஞ்சனையும் நுழையும். ஆகவே உறுப்புக்களை ஒவ்வொன்றாக நோக்கி மெய்ம்மை காண்பது தேவையாயிற்று.

முதலாவது கூடு. எஃகாலான கூட்டின் விளிம்புகள் தொடக்கத்திற் கூர்மையாக இருக்கும். மெருகிடுந்தோறும் உலோகம் சிறிது சிறிதாகத் தேய்ந்து விளிம்பு மழுங்கும். பழைய ரோலக்ஸ் கடிகாரங்களில் வார் பொருந்தும் இரு கால்களுக்கிடையே எண்கள் வெட்டப்பட்டிருக்கும். அவ்வெண் கடிகாரத்தின் வகையையும் காலத்தையும் காட்டும். கண்ணாடிபோல் மின்னும் கூட்டினும், கீறலோடு கூர்மை குன்றாத கூட்டினையே அறிந்தோர் மதிப்பர்.

இரண்டாவது முகப்பு. கடிகாரத்தின் முகம் அதுவே. பெரும்பான்மையான வஞ்சனை நிகழ்வதும் அதிலேயே. மங்கிய முகப்பின்மேல் புதிதாக வண்ணம் பூசி எழுத்துக்களை மீண்டும் அச்சிடுவதுண்டு. பூதக்கண்ணாடி கொண்டு நோக்கினால் எழுத்தின் கோடுகள் தடித்தும் இடைவெளி ஒவ்வாமலும் இருப்பது புலனாகும். ஒளிரும் பூச்சும் காலத்தை உரைக்கும். 1960-ஆம் ஆண்டுகளின் தொடக்கம் வரை ரேடியம் கலந்த பூச்சு வழங்கியது. அடுத்து டிரிட்டியம் வந்தது. அது பூசிய முகப்புக்கள் பலவற்றின் அடியில் ஆங்கில ‘டி’ எழுத்துக் காணப்படும். 1990-ஆம் ஆண்டுகளில் கதிரியக்கமற்ற பூச்சுக்கள் அதன் இடத்தைப் பெற்றன. டிரிட்டியம் சற்றேறக்குறைய 12 ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும். ரேடியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். ஆயினும் அதனோடு கலந்த ஒளிர்பொருள் விரைவிற் சிதைந்து ஒளி இழக்கும். எனவே, 1950-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்ததெனப்படும் கடிகாரம் இன்று இருளில் விடியுமளவும் ஒளிவீசினால், அப்பூச்சு அக்காலத்ததன்று எனத் துணியலாம். ரேடியத்தின் ஒளி போனாலும் நச்சுத்தன்மை போவதில்லை. அத்தகைய கடிகாரத்தைப் பயிற்சி இல்லாதார் திறந்து சுரண்டுதல் பெருந்தீங்காகும்.

மூன்றாவது முட்கள். முகப்பின் பூச்சும் முட்களின் பூச்சும் ஒரே காலத்தன எனின், இரண்டும் ஒத்த நிறத்தில் முதிர்ந்திருத்தல் இயல்பு. முகப்பு மஞ்சளித்திருக்க முட்கள் மட்டும் வெண்மையாக விளங்கின் ஐயம் எழ வேண்டும். வளையமும் இவ்வாறே. முகப்பும் கூடும் முதுமை எய்தியிருக்க, வளையம் மட்டும் நேற்றுச் செய்ததுபோற் கறுத்து மின்னினால் அது பிற்காலத்ததாகலாம். இறுதியாக, உள்ளிருக்கும் இயந்திரத்தின் குறிகளும் எண்களும் கூட்டின் காலத்தோடு பொருந்துகின்றனவா என்று காண வேண்டும். பின்மூடியின் உட்புறத்தே பழுதுபார்த்தோர் கீறி வைத்த சிறு குறிகளும் சான்றாக உதவும். எந்த ஒரு குறியும் தனித்து நின்று முடிவு தராது; பல குறிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்றல் வேண்டும்.

இம்முறை தமிழ் கற்போர்க்குப் புதிதன்று. ஏட்டுச்சுவடிகளை ஆராய்வோர் கையாளும் முறையும் இதுவே. எழுதினோர் பிழையால் நேர்ந்தவற்றைப் பாடபேதம் என்பர். பிற்காலத்தார் தாமே எழுதி நுழைத்தவற்றை இடைச்செருகல் என்பர். 1894-இல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தார். அந்நூலின் ஏடுகள் பல இடங்களிற் சிதைந்திருந்தன. விடுபட்ட அடிகளைத் தாமே இயற்றி நிரப்பும் புலமை ஐயரவர்களுக்கு இல்லாமலில்லை. ஆயினும் அவர் அங்ஙனம் செய்தாரல்லர். சிதைந்த இடத்தைச் சிதைந்த இடமாகவே உலகுக்குக் காட்டினார். அதனாலன்றோ, எஞ்சிய அடிகள் பழம்புலவரின் வாய்மொழியே என்று இன்றும் நம்பிப் படிக்க முடிகிறது! மங்கிய முகப்பை மங்கியவாறே விட்டுவைப்பவனும் இந்நெறியிற் செல்பவனே.

நாயுடுபுரத்து இளைஞன் ஒருவனுக்கு அவன் பாட்டனாரின் பழைய மூழ்குநர் கடிகாரம் கிடைத்தது எனக் கொள்க. கண்ணாடியினுள் ஈரம் படிந்திருக்கிறது, முகப்பில் மஞ்சள் படர்ந்திருக்கிறது, ஓட்டம் தடைப்படுகிறது. அவன் அதனைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்கிறான்.

“தம்பி, முகப்புக்குப் புது வண்ணம் பூசிக் கூட்டையும் மெருகிட்டுவிடலாம். கடையில் இன்று வாங்கியதுபோல் இருக்கும்” என்கிறார் அவர்.

“ஐயா, புது வண்ணம் பூசிவிட்டால் எங்கள் தாத்தா நாள்தோறும் பார்த்த முகப்பு எங்கே இருக்கும்?” என்று வினவுகிறான் அவன்.

அவன் வினா பொருளுடையது. அதற்காகக் கடிகாரத்தைத் தொடாமலே பெட்டியிற் பூட்டிவைத்தலும் அறிவுடைமையன்று. மலையின் குளிர்ச்சியால் உள்ளே நின்ற ஈரம் துளிகளாகத் திரண்டு முட்களையும் பற்சக்கரங்களையும் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே இயந்திரத்தைத் தூய்மைசெய்து புதிய எண்ணெய் இடுதல் வேண்டும். இறுகிப்போன ரப்பர் வளையத்தையும், முறிந்திருப்பின் உள்ளிருக்கும் வில்லையும் மாற்றல் வேண்டும். இவை தேய்வதற்கென்றே அமைந்த உறுப்புக்கள். விளக்குக்குத் திரி மாற்றுவது போன்றது இது. ஆனால் முகப்பு திரியன்று. அது விளக்கின்மேல் பொறித்த பெயர். அதனை அழித்தெழுதினால் மீட்டல் அரிது. முகப்பை மாற்றியே தீரவேண்டுமெனின், கழற்றிய முகப்பை எறியாது பொதிந்து வைத்து, மாற்றிய நாளையும் ஒரு தாளிற் குறித்தல் நன்று. பழுதுபார்த்தபின்னும் அதனை அணிந்து ஏரியில் நீந்துதல் கூடாது. 300 அடி ஆழத்தைத் தாங்கிய கடிகாரம் முதுமையில் மழைத்துளியையும் தாங்காது போகலாம்.

இத்தகைய ஆராய்ச்சி விலையுயர்ந்த அயல்நாட்டுக் கடிகாரங்களுக்கே உரியது என எண்ணுதல் தவறு. 1961-இல் பெங்களூரில் ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியுடன் எச்.எம்.டி. நிறுவனத்தார் கைக்கடிகாரத் தொழிலைத் தொடங்கினர். எளியோரும் அணிந்த ‘ஜனதா’ அவர்கள் படைப்பே. 2016-இல் அக்கடிகார நிறுவனத்தை மூட இந்திய அரசு முடிவுசெய்தது. அதன்பின் அக்கடிகாரங்களைத் தேடுவோர் தொகை பெருகவே, பழைய எச்.எம்.டி. இயந்திரங்களின்மேல் நிறுவனம் ஒருபோதும் வெளியிடாத வண்ண முகப்புக்களைப் பொருத்தி விற்பதும் பெருகியது. புது முகப்பு அழகாக இருக்கலாம், விரும்புவோர் அணியலாம். அதனைப் பழையது என்று கூறி விற்கும்போதுதான் அது பொய்யாகிறது.

ஆகவே, பழைய கடிகாரம் ஒன்றை மதிப்பிடுவோன் விடைகாண வேண்டிய வினா, ‘இதில் ஏதேனும் மாறியுள்ளதா?’ என்பதன்று. மாறாத பொருள் உலகில் இல்லை. ‘மாறியது எது, எப்போது, எதன்பொருட்டு, அது வெளிப்படக் கூறப்பட்டதா?’ என்பனவே உரிய வினாக்கள். தேய்ந்ததை மாற்றுதல் கடமை. மாற்றியதைச் சொல்லுதல் நேர்மை. சொல்லாது மறைத்தல் வஞ்சனை. விற்பவன் தானே முன்வந்து, “இம்முகப்பு பிற்காலத்தது, இவ்வியந்திரம் பழையது” என்று கூறினால், அக்கடிகாரத்தின் விலை சிறிது குறையலாம், அவன் சொல்லின் மதிப்பு உயரும். வாங்கியவனும் தன் பிள்ளைகளுக்கு அதனையே சொல்லிக் கொடுப்பான்.