இரண்டாம் சந்திப்பு: டொராண்டோ தெருக்களும் திருநெல்வேலி ஜங்ஷனும்

வீடிழந்து தெருவில் வாழும் இளையோர் ஓர் அலுவலகத்துக்கோ காப்பகத்துக்கோ தாமாக வந்து சேரும்வரை காத்திராமல், அவர்கள் படுக்கும் நடைபாதைக்கும் பாலத்தடிக்கும் பேருந்து நிலையத்துக்கும் பணியாளரே தேடிச் சென்று பழகும் முறையைத் தெருப்பணி என்கின்றனர். உணவுப் பொட்டலம், காலுறை, மருந்து, அடையாள அட்டை வாங்கித் தருவது ஆகியவை வெளியே தெரியும் வேலைகள். அவற்றின் வழியாக வளரும் பழக்கமே அதன் உயிர். இப்பணியின் பயனை அளக்க முற்படுவோர், எத்தனை பேர் தெருவிலிருந்து மீட்கப்பட்டனர் என்ற கணக்கையே பெரும்பாலும் கேட்கின்றனர். அதைவிடப் பொருத்தமான கேள்வி, பணியாளரும் இளைஞரும் இரண்டாம் முறை சந்தித்தார்களா, அந்தச் சந்திப்பை இளைஞர் விரும்பினாரா என்பதாகும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கனடாவுக்குப் பெயர்ந்து, ஒரு காலை அங்கும் ஒரு காலை இங்கும் வைத்து வாழ்வோருக்கு, இந்தக் கேள்வி இரண்டு ஊர்களிலும் இரண்டு விதமாகத் தவறவிடப்படுவது எளிதில் தெரிகிறது.

கனடாவில் பெற்றோரையோ பாதுகாவலரையோ சாராமல், நிலையான இருப்பிடமும் இன்றி வாழும் 13 முதல் 24 வயது வரையுள்ளோரை வீடற்ற இளையோர் என ஆய்வாளர்கள் வரையறுத்துள்ளனர். 2016இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு ஒன்று 47 ஊர்களில் 1,103 இளையோரை நேரில் கேட்டறிந்தது. அவர்களில் 40.1 விழுக்காட்டினர் 16 வயது நிறையும் முன்பே முதன்முறை வீடிழந்தவர்கள், 57.8 விழுக்காட்டினர் ஏதோ ஒரு காலத்தில் அரசின் குழந்தை நலத் துறையின் பார்வைக்குள் இருந்தவர்கள். அதாவது பாதிக்கு மேற்பட்டோரை அதிகாரிகள் ஏதோ ஒரு கட்டத்தில் அறிந்திருந்தனர். அறிந்தவர்கள் தொடர்ந்து பழகவில்லை என்பதே இதன் பொருள்.

டொராண்டோவின் அண்மை வரலாறு இதில் ஒரு விசித்திரத்தைக் காட்டுகிறது. 1990களில் சாலைச் சந்திப்புகளில் நிற்கும் கார்களின் முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் காசு கேட்ட இளைஞர்கள் அந்நகரின் அன்றாடக் காட்சியாக இருந்தனர். அவர்களை மனத்தில் வைத்தே ஒன்டாரியோ மாகாணம் 1999இல் 'பாதுகாப்பான தெருக்கள் சட்டம்' இயற்றியது. வண்டியில் இருப்போரிடம் காசு கேட்பது 2000ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து குற்றமாயிற்று. அந்த ஆண்டு டொராண்டோ காவல்துறை இச்சட்டத்தின்கீழ் கொடுத்த அபராதச் சீட்டுகள் 710, 2010இல் 15,324. இடைப்பட்ட 2005இல் அதே நகரின் மாநகராட்சி, தெருவில் இருப்போரை நேராக வீடுகளில் குடியமர்த்த ஒரு திட்டத்தைத் தொடங்கி, அதற்கான பணியாளர்களை இரவும் பகலும் அனுப்பத் தொடங்கியது. ஆக, ஒரே இளைஞரிடம் மாலையில் ஒருவர் கம்பளியோடு வந்தார், மறுநாள் காலையில் இன்னொருவர் அபராதச் சீட்டோடு வந்தார். இருவரும் பொதுப்பணத்தில் சம்பளம் பெற்றவர்கள். கட்ட முடியாத அபராதம் கடன் மதிப்பீட்டைக் கெடுத்து, பின்னாளில் வாடகை வீடு கிடைப்பதற்கே தடையாக நின்றது. தெருப்பணியின் பயன் குறைவு என்று சொல்வோர், அதன் எதிர்ப்பக்கம் இழுத்த இந்தக் கயிற்றையும் சேர்த்தே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

அந்த நகரில் பணி செய்வோர் கடைப்பிடிக்கும் ஒழுங்கு எளிமையானது, ஆனால் பொறுமையைக் கோருவது. ஒரே மூலைக்கு ஒரே கிழமையில் ஒரே நேரத்தில் போவது, பெயரைக் கேட்காமல் அவர் சொல்லும் பட்டப்பெயரை ஏற்பது, மறுத்தால் காலுறையை மட்டும் கொடுத்துவிட்டு நகர்வது, அடுத்த வாரமும் தவறாமல் வருவது. போதைப்பழக்கத்தை விட்டால்தான் உதவி என்று நிபந்தனை போடாமல், அப்பழக்கத்தால் விளையும் கேடுகளை முதலில் மட்டுப்படுத்தும் 'தீங்கு குறைப்பு' அணுகுமுறையும் இதன் பகுதி. 1982இல் தொடங்கிய கவனன்ட் ஹவுஸ் டொராண்டோ, 1994இல் திறக்கப்பட்ட ஈவாஸ் பிளேஸ் ஆகிய இளையோர் இல்லங்களுக்கு வந்து சேர்வோரில் பலருக்குப் பின்னால் இப்படிப்பட்ட பல வாரப் பழக்கம் இருக்கும். பின்னதற்குப் பெயர் கொடுத்த ஈவா ஸ்மித் ஜமெய்க்காவில் பிறந்து கனடாவுக்குப் புலம்பெயர்ந்தவர். குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியிலும் வீட்டிலும் சிக்கிக்கொள்வதை அருகிலிருந்து கண்டவர். அந்நிறுவனம் குடும்பத்தோடு மீண்டும் பேசவைக்கும் பணியைத் தனித் திட்டமாகவே வளர்த்தது. அதன் நோக்கம் பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது மட்டுமன்று. வீட்டுக்குத் திரும்பாமலே தாயோடு தொலைபேசியில் பேசும் உறவும் அங்கே வெற்றியாகவே கொள்ளப்படுகிறது.

டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் செறிந்து வாழும் தமிழர்களிடையே வீடிழந்த இளைஞர் பெரும்பாலும் தெருவில் தென்படுவதில்லை. அவர் நண்பர் வீட்டு நிலவறையில் இரண்டு வாரம், தூரத்துச் சித்தப்பா வீட்டுக் கூடத்தில் ஒரு வாரம், இரவு முழுதும் திறந்திருக்கும் காப்பிக்கடையில் ஓரிரவு என மாறிமாறித் தங்குவார். இதை மறைந்த வீடின்மை என்பர். காதல், பாலின அடையாளம், கைவிட்ட படிப்பு, போலீஸ் வழக்கு எனக் காரணம் எதுவானாலும், ஊருக்குத் தெரியக்கூடாது என்ற அச்சம் பெற்றோரையும் பிள்ளையையும் ஒருசேர வாய்மூடச் செய்கிறது. நடைபாதையைச் சுற்றிவரும் பணியாளருக்கு இவர்கள் கண்ணில் படுவதே இல்லை; இவர்களைத் தேட வேண்டுமானால் பள்ளி வளாகம், நூலகம், கோயில் அன்னதான வரிசை, கிரிக்கெட் மைதானம் ஆகியவையே தெருவாகக் கொள்ளப்பட வேண்டும்.

இந்த மறைவுக்குள் அண்மையில் புதிய ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த மாணவர்கள், வாடகை கட்டுக்கடங்காமல் உயர்ந்த ஆண்டுகளில், ஓர் அறையில் ஆறேழு பேராகவும் அதுவும் கிடைக்காதோர் இடமின்றியும் தவித்தனர். 2023 செப்டம்பரில் ஒன்டாரியோவின் நார்த் பே நகரில் வெளிநாட்டு மாணவர்கள் கூடாரமடித்துப் போராடியது செய்தியாயிற்று. மாணவர் அனுமதி கேட்போர் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகையை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக 2024 ஜனவரியில் கனடா அரசு உயர்த்தியதற்கு இந்நிலையும் ஒரு காரணம். மாகாணத்தின் வருமான உதவி இவர்களுக்குப் பெரும்பாலும் எட்டாது. குடியேற்ற ஆவணம் எதையும் கேட்காமல் சேவை தருவது என்று டொராண்டோ மாநகராட்சி 2013இல் முடிவெடுத்திருப்பதால் தெருப்பணியாளர் மட்டும் எட்டுவார். ஆனால் பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ நிலத்தை ஈடுவைத்துக் கடன் வாங்கி அனுப்பிய வீட்டாரிடம், இரவை எங்கே கழிக்கிறேன் என்று சொல்லத் துணியாத இளைஞர், முன்பின் அறியாத பணியாளரிடம் முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்லிவிடுவார் என எதிர்பார்ப்பது பேதைமை.

திருநெல்வேலியில் நிலைமை தலைகீழானது. மதுரை, நாகர்கோவில், தென்காசி, திருச்செந்தூர் ஆகிய நான்கு திசை ரயில் தடங்களும் கூடும் ஜங்ஷன், தாமிரபரணிப் பள்ளத்தாக்கை விட்டு ஓடுவோருக்கு வெளிவாசலாகவும், வேறெங்கிருந்தோ ஓடிவந்தோருக்கு உள்வாசலாகவும் ஒரே நேரத்தில் இயங்குகிறது. முக்கூடல், கடையம், ஆலங்குளம் வட்டாரத்தில் தாய் பீடி சுற்றிக் குடும்பத்தைத் தாங்க, தந்தையின் குடியும் அடியும் தாங்காமல் வெளியேறும் சிறுவனுக்கு, கடை வேலைக்கு முன்பே சென்ற அண்ணன்மார் இருக்கும் சென்னையும் மும்பையும்தான் தெரிந்த ஊர்கள். மும்பைத் தாராவியின் தமிழ்க் குடியிருப்புகளுக்கு இப்பள்ளத்தாக்கோடு பல தலைமுறைத் தொடர்பு உண்டு. அதே மும்பையில்தான் 1996இல், டாடா சமூக அறிவியல் நிறுவனத்தைச் சார்ந்து ஜெரூ பில்லிமோரியா 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைத் தொடங்கினார். தெருச் சிறுவர்கள் நள்ளிரவிலும் அழைக்க ஓர் ஆள் வேண்டும் என்பதே அதன் தொடக்கம்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 18 வயதுக்குட்பட்டு வீடின்றியோ பிச்சையெடுத்தோ தெருவில் வாழ்ந்தோ காணப்படுபவரைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்கிறது. அவரைக் கண்டெடுப்போர், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள், தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின்முன் நிறுத்த வேண்டும். ரயில் நிலையங்களில் இதைச் செய்வது பெரும்பாலும் ரயில்வே பாதுகாப்புப் படை. 2018 முதல் 2024 மே வரை 84,119 குழந்தைகளை மீட்டதாக அரசு அறிவித்தது. ரயில்கள் பெருமளவு ஓடாத 2020இல் மட்டும் எண்ணிக்கை 5,011ஆகச் சரிந்தது. வீட்டை விட்டு வந்தவனிடம் முதல் சில மணி நேரத்தில் நல்லவர் ஒருவர் பேசுவதா, கூலித்தரகர் பேசுவதா என்பதே அவன் வாழ்வைத் தீர்மானிப்பதால், இந்த வேகம் மதிப்புமிக்கது. டொராண்டோவில் இத்தகைய வேகம் இல்லை. ஆயினும் அந்தப் பெரிய எண்ணைக் கொண்டு, அவர்களில் எத்தனை பேர் மறுபடி ரயிலேறினர் என்பதை அறிய வழியில்லை. அது முதல் சந்திப்புகளின் தொகை. குழுவின் விசாரணை, பெற்றோர் கையெழுத்து, வீடு சேர்ப்பு என்று கோப்பு முடிந்தபின், அடித்த கை அதே வீட்டில் இருக்கிறதா என்று பார்க்க இரண்டாம் முறை போவோர் குறைவு. ஓடிய பையன் அடுத்த முறை செய்யக் கற்றுக்கொள்வது, சீருடையைக் கண்டால் ஒதுங்குவதும், ஜங்ஷனைத் தவிர்த்து வேறு நிலையத்தில் ஏறுவதும்தான்.

வீடு சேர்ப்பதே மீட்பு ஆகிவிடாது என்பதற்கு இப்பள்ளத்தாக்கிலேயே நூற்றாண்டைக் கடந்த சான்று உண்டு. அயர்லாந்தின் மில்லைல் என்ற ஊரில் பிறந்து 1895இல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல், தமிழ்ப் பெண்களின் சிறு குழுவோடு ஊர் ஊராகச் சுற்றி மதப்பணி செய்தவர். 1901இல் பண்ணைவிளையில் அவரிடம் வந்து சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி ப்ரீனா, கோயிலுக்கு விடப்பட்ட நிலையிலிருந்து அதற்கு முன்பும் ஒருமுறை தப்பித் தூத்துக்குடியில் தாயிடமே ஓடியதாகவும், தாய் அவளைத் திருப்பிக் கொடுத்துவிட, கைகளில் சூடு போடப்பட்டதாகவும் மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. அவ்வரலாறுகள் மதமாற்ற நோக்கோடு எழுதப்பட்டவை. ஒரு பக்கத்துச் சாட்சியமாகவே அவற்றைக் கொள்ள வேண்டும். இருந்தும் ஒரு குழந்தை முதல் ஓட்டத்தில் தாயை நம்பியதும், இரண்டாம் ஓட்டத்தில் அந்நியரை நம்பியதும் கவனத்துக்குரியது. களக்காட்டை அடுத்த டோனாவூரில் அந்த அம்மையார் அமைத்த இல்லம் இவ்வாறே வளர்ந்தது; தாய்நாட்டுக்கு ஒருமுறைகூடத் திரும்பாமல் 1951இல் அங்கேயே இறந்தார்.

இளையோர் தாமாகத் திரும்பி வருவதுபற்றி ஆய்வுகள் சொல்வது கொஞ்சமே. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் நட்டாஷா ஸ்லெஸ்னிக் குழுவினர், சேவைகள் எவற்றோடும் தொடர்பற்ற 79 இளையோரைத் தெருவிலேயே கண்டு, குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை இரவுக் காப்பகத்தோடும், மறுபகுதியினரை 'வந்துபோகும் மையம்' ஒன்றோடும் இணைக்க முயன்றனர். வந்துபோகும் மையம் என்பது குளித்து, உண்டு, துணி துவைத்து, கேள்வி இன்றி எழுந்து போகக்கூடிய பகல்நேர இடம். 2016இல் வெளியான முடிவின்படி மையத்தோடு இணைக்கப்பட்டவர்களே கூடுதலாகச் சேவைகளை நாடினர். எழுந்து போக உரிமை இருந்த இடத்துக்குத்தான் அவர்கள் திரும்பி வந்தனர். ஆனால் தெருவாழ் இளையோருக்கான திட்டங்களைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பீடு, ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் நடந்த கறாரான ஆய்வு ஒன்றையும் கண்டறியவில்லை. தெருச் சிறுவர்கள் மிகுதியாக உள்ள நாடுகளைப் பற்றியே இந்த வெற்றிடம் இருப்பது, ஆய்வுப் பணம் எங்கே பாய்கிறது என்பதைக் காட்டுகிறது. சிறுவர்களைக் கூட்டமாகச் சுற்றிவளைத்து அகற்றுவதைக் கைவிட்டு, அவர்கள் கருத்தைக் கேட்டு நடக்குமாறு 2017இல் ஐ.நா. குழந்தை உரிமைக் குழு தன் 21ஆம் பொதுக் கருத்துரையில் அரசுகளை வலியுறுத்தியதும் கொலம்பஸ் முடிவோடு ஒத்துப்போகிறது.

இந்தியாவில் வந்துபோகும் மையத்துக்கு நெருக்கமானது இளைஞர் நீதிச் சட்டத்தின் 43ஆம் பிரிவு கூறும் திறந்த புகலிடம். குழந்தைகளைத் தெரு வாழ்விலிருந்து காக்கும் குறுகிய காலத் தங்கிடம் அது. ஜங்ஷனிலிருந்தும் வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்திலிருந்தும் நடந்து செல்லும் தொலைவில், ஒருமுறை வந்தவன் மறுமுறை தானாக வரும்படி நடத்தப்படும்போதுதான் அந்தப் பிரிவுக்கு உயிர் வரும். 1098 சேவை 2023இல் தொண்டு நிறுவனங்களிடமிருந்து அரசின் கைக்கு மாறி, 112 அவசர அழைப்போடு இணைக்கப்பட்டது. அழைப்பு வந்தால் ஆள் போவது இதனால் சீராகலாம். அழைக்கத் தெரியாதவனையும் அழைக்க விரும்பாதவனையும் தேடி நடப்பது வேறு வேலை, அதற்கு மாலைதோறும் ஒரே முகம் வர வேண்டும்.

பெரும் ஓட்டை 18 வயதுக்குப் பிறகு. காப்பகத்திலிருந்து அந்த வயதில் வெளியேறுவோருக்கு மட்டுமே பிற்காப்பு என்னும் உதவி, பொதுவாக 21 வயது வரை கிடைக்கும். காப்பகத்துக்கே வராமல் தெருவில் வளர்ந்தவருக்கு அது இல்லை. ஒரு லட்சம் மக்களுக்கு 100 பேர் தங்கும் விடுதி ஒன்று வீதம் நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த நெறிப்படி, 2011 கணக்கில் ஐந்து லட்சத்தை நெருங்கிய திருநெல்வேலி மாநகருக்கு நான்கைந்து விடுதிகள் வேண்டும். அந்நெறியும் இருபது வயது இளைஞரைத் தனிப் பிரிவாக நினைக்கவில்லை. பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கும் 1945ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து போய் டொராண்டோவில் அறையிழந்த 22 வயது மாணவர் அந்நகரின் கணக்கில் வீடற்ற இளைஞர். அவரைத் தேடிவரச் சம்பளம் பெறும் பணியாளர் ஒருவராவது உண்டு. அதே வயதில் ஜங்ஷன் நடைமேடையில் உறங்குபவர் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைந்தவராக மட்டுமே கருதப்படுகிறார். தேடி வருபவரும் வெளியேற்றவே வருகிறார்.