மெய்யும் புள்ளியும்

தமிழ் பயிலும் மாணாக்கன் நோயைப்பற்றி எழுதப் புகுதல் தகாதெனச் சிலர் கருதலாம். ஆயின் எங்கள் இல்லத்து நிகழ்ந்த துயரமொன்றே என்னை இப்பொருளிடத்து ஈர்த்தது. அதனை விளங்கிக்கொள்ளத் துணைநின்றதும் யான் பயின்ற இலக்கணமே.

எங்கள் ஊர் பவானிக்கு அண்மையிலுள்ளது. மெல்லும் புகையிலை விளையும் நிலம். என் அப்பாரு அதனைப் பயிரிட்டார், அறுத்தார், உலர்த்தினார், வாயிலும் அடக்கினார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் சேர்ந்த அவ்வுருண்டை உறக்கத்திலும் அவரது இடது கன்னத்தை விட்டு நீங்கியதில்லை. அவ்விடத்தே வெண்படலமொன்று தோன்றிற்று. சுண்ணாம்பு பட்டு வெந்ததென்று அவர் பொருட்படுத்தவில்லை, நாங்களும் பொருட்படுத்தவில்லை. ஓராண்டு கழிந்து, அது புண்ணாகி, வாய் திறக்கவியலாத நிலையிலேதான் கோவைக்கு அழைத்து வந்தோம். புற்றுநோய் என்றனர். "எத்தனை நாள் இருப்பாருங்க?" என்று என் தந்தையார் வினவினார். கழுத்து நெறிகட்டிவரை நோய் பரவியிருப்பதைச் சொல்லிவிட்டு மருத்துவர் மௌனமானார். அம்மௌனமே என்னை நூல்நிலையத்திற்கு அனுப்பிற்று.

புகையிலை கலந்த வெற்றிலை புற்றுநோய் விளைக்குமென உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 1985-லேயே முடிவுசெய்தது. பாக்கு தனித்தும் அத்தீங்கு செய்யுமென 2004-ல் உரைத்தது. இது நிகழுமாறு யாங்ஙனம்? உயிரணுவினுள் டி.என்.ஏ. என்னும் நூல், நான்கே எழுத்துக்களால் இயன்றது, உளது. அவ்வெழுத்துக்கள் மாறுதலால் நோய் விளைதல் பலரும் அறிந்ததே. எழுத்து மாறாமலே நூலின் ஒரு பகுதி ஊமையாதலும் உண்டு. சைட்டோசின் என்னும் எழுத்தின்மேல் மீதைல் என்னும் சிறு தொகுதி வந்து ஒட்டும். மரபணுவின் தலைவாயிலில் இவை செறியின் அம்மரபணு பேசாது.

இதனைப் படித்தவுடன் யான் மெய்யெழுத்தை நினைந்தேன். 'க' தன் வடிவம் மாறாமலே, தலைமேல் ஒரு புள்ளி பெற்றதும் அகரவொலியை இழக்கின்றதன்றோ? மெய் என்பது உடம்புக்கும் பெயராதலை எண்ணி வியந்தேன்.

பி-16 என்னும் மரபணு உயிரணு வரம்பின்றிப் பெருகாமற் காக்கும் காவலன். வாய்ப்புற்றுடையார் பலரிடத்து இக்காவலன் புள்ளி விழுந்து ஊமையாய்க் கிடக்கின்றான். இத்தகைய புள்ளிகளை நோயாளர் சிலரின் உமிழ்நீரிலும் காணலாமென 2001-ல் ஓர் ஆய்வு காட்டிற்று.

இப்புள்ளிகளைக்கொண்டு ஆயுளை அளக்கலாமோ? சில ஆய்வுகளில் புள்ளி பெற்றோர் விரைவில் மாண்டனர்; வேறு சிலவற்றில் அவ்வேற்றுமை தெளிவாகவில்லை. ஆகவே கட்டியின் அளவும் நெறிகட்டியின் நிலையுமே இன்றும் மருத்துவர்க்கு முதற்சான்று. தொண்டைப் புற்றிலோ வேறொரு குறி உறுதிபெற்றுள்ளது. 2010-ல் வெளிவந்த ஆய்வொன்றில், பாப்பிலோமா வைரஸ் காணப்பட்டோருள் நூற்றுக்கு 82 பேர் மூன்றாண்டு கடந்து வாழ்ந்தனர். அது காணப்படாதோருள் 57 பேரே வாழ்ந்தனர். எனினும் நூற்றுவர்க்குச் சொல்லும் கணக்கு ஒருவர்க்குச் சொல்லும் விடையன்று. பழைய ஏட்டில் பெரும்பாலும் புள்ளியிடார். முன்னும் பின்னும் நோக்கியே பதிப்பாசிரியர் பொருள் தெளிவர். மருத்துவர் மௌனமும் அத்தகையதே என இப்பொழுது உணர்கின்றேன்.

எழுத்துப் பிழையைத் திருத்தல் அரிது, புள்ளியையோ அழிக்கலாம். அசாசைட்டிடின் என்னும் அத்தகைய மருந்தை, இரத்தம் ஊறும் மச்சையைப் பற்றும் நோயொன்றிற்கு 2004-ல் அமெரிக்க அரசு ஏற்றது. வாய்ப்புற்றுக்கும் அக்காலம் வருக என வேண்டுகின்றேன்.

அப்பாரு ஏழு திங்கள் இருந்தார். இறுதி நாட்களில் ஒருமுறை, "நாளை எண்ணறது கர்த்தர் வேலை, கண்ணு, காட்டுல மஞ்சள் போடச் சொல்லு" என்றார். இவ்வாண்டு எங்கள் காட்டில் மஞ்சளே விளைந்தது.

நண்பர்காள்! உங்கள் இல்லத்து முதியோர் வாயில் இரண்டு மூன்று வாரம் ஆறாத புண்ணோ வெண்படலமோ காணின், அன்றே மருத்துவரிடம் காட்டுமின். "எத்தனை நாள்" என்னும் வினாவிற்கு விடை அங்கேதான் தொடங்குகின்றது.