புதிய அதிபரும் பழைய கடனும்

அமெரிக்க அதிபர் ஜனவரி 20-ஆம் தேதி பதவியேற்கும்போது நிதியாண்டில் மூன்றரை மாதம் ஓடிவிட்டிருக்கும். இங்கே நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்கி செப்டம்பர் 30-இல் முடிகிறது. ஆகவே முதல் எட்டு மாதங்கள் அவர் கையில் இருப்பது பெரும்பாலும் முன்னவர் விட்டுச்சென்ற கணக்கு. 1921-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவரும் பட்ஜெட் அனுப்பவேண்டும். ஆனால் அது வெறும் பரிந்துரை. இந்தியாவில் நிதியமைச்சரின் பட்ஜெட் மக்களவையில் தோற்றால் அரசே கவிழும். இங்கே அதிபரின் பட்ஜெட்டை ஓரமாக வைத்துவிட்டு, காங்கிரஸ் என்னும் நாடாளுமன்றம் தன் விருப்பப்படி 12 ஒதுக்கீட்டு மசோதாக்களை எழுதிக்கொள்ளும். கஜானாச் சாவியை அரசியல் சட்டம் காங்கிரசிடமே கொடுத்திருக்கிறது.

அந்தக் கஜானாவின் நிலையைப் பார்க்கலாம். 2024 நிதியாண்டில் செலவு ஏறத்தாழ 6.75 லட்சம் கோடி டாலர், வரவு 4.92 லட்சம் கோடி. துண்டு விழுந்தது 1.83 லட்சம் கோடி. செலவில் சுமார் 60 சதவீதம் ஆண்டுதோறும் யார் கையெழுத்துக்கும் காத்திராமல் சட்டப்படி போய்க்கொண்டிருக்கும். 1935-இல் வந்த சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம், 1965-இல் வந்த மெடிகேர், மெடிகெய்ட் மருத்துவத் திட்டங்கள் இதில் பெரும்பங்கு. வட்டிக்கு மட்டும் சுமார் 88,000 கோடி டாலர் போனது. ராணுவச் செலவையே அது மிஞ்சிவிட்டது. ஆண்டுதோறும் காங்கிரஸ் ஒதுக்குவது ஏறத்தாழ 1.8 லட்சம் கோடி. அதிலும் கிட்டத்தட்டப் பாதி ராணுவத்துக்கு. பள்ளி, சாலை, ஆராய்ச்சி, நீதிமன்றம், வெளிநாட்டு உதவி எல்லாவற்றையும் இழுத்து மூடினாலும் துண்டில் பாதிதான் அடைபடும்.

ஒதுக்கிய பணத்தை அதிபர் செலவழிக்காமல் நிறுத்திவைக்கலாமா? ரிச்சர்ட் நிக்சன் அப்படிச் செய்தார். அதற்குப் பதிலடியாக 1974-இல் ஒரு சட்டம் வந்தது: ஒதுக்கீட்டை ரத்து செய்ய அதிபர் கோரலாம், 45 நாட்களில் காங்கிரஸ் ஒப்புக்கொள்ளாவிட்டால் பணத்தை விடுவித்தாக வேண்டும். ஒரு மசோதாவில் வேண்டாத செலவினத்தை மட்டும் அடித்துவிடும் அதிகாரத்தை 1996-இல் காங்கிரசே அதிபருக்குத் தந்தது; 1998-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது.

2025-இல் டொனால்ட் டிரம்ப் மீண்டும் பதவிக்கு வந்தபோது இந்த எல்லைகள் சோதனைக்கு உள்ளாயின. தேர்தல் நேரத்தில் அவரை ஆதரித்த தொழிலதிபர் ஈலோன் மஸ்க் அரசுச் செலவில் 2 லட்சம் கோடி டாலர் மிச்சம் பிடிக்கலாம் என்றார். ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள், வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் மூடப்பட்டது. ஆனால் ஜூலையில் காங்கிரஸ் ஒப்புதலோடு ரத்தான ஒதுக்கீடு 900 கோடி டாலர். அந்த ஆண்டுப் பற்றாக்குறையில் 200-இல் ஒரு பங்கு. அதே மாதம் நிறைவேறிய வரிச் சட்டம் பத்தாண்டுகளில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி கூட்டும் என்று காங்கிரசின் பட்ஜெட் அலுவலகம் கணக்கிட்டது. ஆண்டு முடிவில் மொத்தச் செலவு குறையவில்லை; 7 லட்சம் கோடியைத் தாண்டியது.

கடன் உச்சவரம்பு இன்னொரு முட்டுக்கட்டை. காங்கிரஸ் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செலவுக்குக் கடன் வாங்கவே அதன் அனுமதி மறுபடி தேவை. எதிர்க்கட்சி காங்கிரசின் இரு சபைகளில் ஒன்றைப் பிடித்துவிட்டால் இதுவே பேரம் பேசும் ஆயுதமாகும். 2011-இல் பராக் ஒபாமா காலத்தில் பேரம் கடைசி நாள்வரை இழுபட்டது; உடன்பாடு வந்தும், ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் நிறுவனம் நாட்டின் கடன் தரத்தை முதன்முறையாக ஒரு படி இறக்கியது.

துண்டை அடைத்துக் காட்டியவர் பில் கிளிண்டன். 1993-இல் பதவிக்கு வந்ததும், நடுத்தர வர்க்கத்துக்கு வாக்களித்த வரிக்குறைப்பைக் கைவிட்டார். செலவுக்கு வரம்பு கட்டியதோடு, உச்ச வருமான வரியை 39.6 சதவீதமாக்கினார், பெட்ரோல் வரியை காலனுக்கு 4.3 சென்ட் ஏற்றினார். சொந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தும் பிரதிநிதிகள் சபையில் 218-க்கு 216 என்றுதான் தேறியது. கடைசி நேரத்தில் ஆதரவாக வாக்களித்தவர்களில் ஒருவர் பென்சில்வேனியாவின் மார்ஜரி மார்கோலிஸ். எதிர்க்கட்சியினர் கையசைத்து, பெயர் சொல்லி வழியனுப்பிக் கேலி செய்தார்கள். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். செனட்டில் 50-50 என்று சமமாகி, துணை அதிபர் அல் கோர் வாக்களித்துத்தான் மசோதா பிழைத்தது. 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டுகள் பட்ஜெட்டில் உபரி இருந்தது. பனிப்போர் முடிந்து ராணுவச் செலவு குறைந்ததும், கணினித் துறை செழித்து வரி வசூல் பெருகியதும் கைகொடுத்தன.

பிறகு வந்த ஜார்ஜ் புஷ் வரியைக் குறைத்தார். போர்ச் செலவும் சேர்ந்தது. 2002 முதல் ஓராண்டுகூட உபரி இல்லை. எந்த அதிபரும் தள்ளிப்போட முடியாத கெடு ஒன்றும் நெருங்குகிறது. சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதிய நிதியின் கையிருப்பு 2033 வாக்கில் தீரும் என்பது அதன் அறங்காவலர்களின் 2025 மதிப்பீடு. சட்டம் மாறாவிட்டால் அதன்பின் ஓய்வூதியத்தில் 77 சதவீதம் மட்டுமே கொடுக்க முடியும். வரியை ஏற்றுவதா, ஓய்வூதியத்தை வெட்டுவதா, மேலும் கடன் வாங்குவதா என்பதை 2028-இலோ 2032-இலோ தேர்வாகும் அதிபர் காங்கிரசோடு உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும்.