பீங்கான் கடையும் வெண்கலக் கடையும்

லண்டனில் நான் பார்க்கும் வேலையில் இங்கிதத்துக்கு இடமில்லை. கழுத்தில் தொங்கும் அட்டையில் மொழிபெயர்ப்பாளர் என்று போட்டிருக்கும். ஆஸ்பத்திரி, நீதிமன்றம், தீர்ப்பாயம் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய், ஒருவர் பேசுவதை மற்றவர் மொழியில் சொல்லிவிட்டு வர வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. திட்டினால் திட்டாகவே போய்ச் சேர வேண்டும். "அவர் சொல்கிறார்" என்று ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது; அவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வழக்கறிஞர் தன் கட்சிக்காரரைச் சந்தித்தபோது நடுவில் நான். வழக்கைப் பற்றி மூச்சு விட மாட்டேன். அது தொழில் தர்மம். ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வழக்கறிஞர் வெள்ளைக்காரர், நல்ல மனுஷர். முதல் சந்திப்பில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு, எதிரே இருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவரை வாயடைக்க வைத்துவிட்டார். இரண்டாவது சந்திப்பில் அதற்கு வருத்தம் தெரிவிக்கிறார்: போன தடவை நான் 'புல் இன் எ சைனா ஷாப்' மாதிரி நடந்துகொண்டேன்.

சொல் தேட எனக்கு இரண்டு விநாடி. பீங்கான் கடைக்குள் புகுந்த காளை என்று சொல்லலாம். ஆனால் நான் மதுரைக்காரி. காளை என்றதும் எனக்கு அலங்காநல்லூர் வாடிவாசல் திறந்துவிடும். திமிலும் திமிருமாக ஒன்று பாய்ந்து வரும். வருத்தம் தெரிவிக்க வந்தவர் தன்னைத்தானே மெச்சிக்கொண்டது போல் ஆகிவிடும். மாடு என்றால் அது வசவு. நம்மூரில் சொல் மாறினால் விலங்கு மாறாது, மரியாதை மாறிவிடும். பதற்றத்தில் "பீங்கான் கடைக்குள்ள மாடு பூந்த மாதிரி" என்று சொல்லி வைத்தேன்.

பெரியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, என்னையோ மாடு எண்டு சொல்லுறார்?"

அவரைச் சமாதானப்படுத்த ஐந்து நிமிஷம் ஆயிற்று. வழக்கெல்லாம் முடிந்து வெகுநாள் கழித்துக் கடைத்தெருவில் எதிர்ப்பட்டபோது, இதை எழுதலாமா என்று கேட்டேன். "மாட்டை மட்டும் எழுதுங்கோ" என்றார். அவர் சொன்னபடியே செய்திருக்கிறேன்.

அன்று வெளியே வந்து காத்திருப்பு நாற்காலியில் உட்கார்ந்தபோது பக்கத்தில் இன்னொரு அட்டைக்காரி: ருஷ்ய மொழிபெயர்ப்பாளர், பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். எங்கள் தொழிலில் பாதி நேரம் காத்திருப்பதுதான். அதனால் காரிடார் சிநேகங்கள் நிறைய. மாட்டுக் கதையைச் சொன்னேன். சிரித்தார். "எங்கள் மொழியில் உனக்கு இந்தக் கஷ்டமே வந்திருக்காது. எங்களுக்கு அது மாடு இல்லை, ஸ்லோன்" என்றார். ஸ்லோன் என்றால் யானை. 'காக் ஸ்லோன் வ் பசூத்னய் லாவ்கே' என்று முழுசாகவும் சொல்லிக் காட்டினார். லாவ்கா சின்னக் கடை. பசூதா என்பது தட்டு முட்டு, பாத்திரம் பண்டம் எல்லாமும். ஆக, பாத்திரக் கடையில் புகுந்த யானை போல.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி! எங்கள் பாட்டி தினம் நாலு தரம் சொல்லும் பழமொழி. பள்ளிக்கூடம் விட்டு நானும் என் அண்ணனும் வீட்டுக்குள் நுழைந்தாலே வந்து விழும். மதுரையில் வெண்கலக்கடைத் தெரு என்று ஒரு தெருவே இருக்கிறது. கோயில் யானை தெருவில் நடந்து வருவதும் எங்களுக்குப் புதிதில்லை. அப்படிப்பட்டவளுக்கு அந்த இரண்டு விநாடியில் பழமொழி தோன்றவில்லை. இங்கிலீஷ் காதில் விழுந்ததும் மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடியிருக்கிறேன். ஒரு ருஷ்யக்காரி வந்து என் வீட்டு யானையை என்னிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

ஜெர்மன்காரர்களுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும்கூட யானைதானாம், கடை மட்டும் பீங்கான் கடை. இங்கிலீஷ்காரன் மட்டும் ஏன் மாட்டைப் பிடித்துக்கொண்டான்? லண்டனில் கொஞ்சம் சுற்றினால் ஒருவாறு புரிகிறது. ஸ்மித்ஃபீல்டு சந்தைக்கு ஊர் நடுவே, குறுகலான தெருக்களில்தான் மாடுகளை ஓட்டி வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் மாடுகள் அங்கே விலைபோயின. 1855இல்தான் உயிர்மாட்டுச் சந்தையை இஸ்லிங்டன் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். மிரண்ட மாடு ஒன்று கடைக்குள் நுழைவது அந்த ஊருக்குக் கற்பனை அல்ல. பீங்கானுக்கும் பஞ்சமில்லை. ஸ்ட்ராட்போர்டு பக்கம் 1740களில் தொடங்கிய 'போ' பீங்கான் ஆலை, சீனத்து நினைப்பில் தனக்கு 'நியூ கான்டன்' என்றே பெயர் வைத்துக்கொண்டது. தேம்ஸ் நதிப் படகுக்காரப் பையனைப் பற்றி ஃபிரெடெரிக் மாரியட் 1834இல் எழுதிய 'ஜேக்கப் ஃபெய்த்ஃபுல்' நாவலில் இந்த மாடும் கடையும் வருகின்றன. அதற்கு முன்பே வாய்வழக்கில் இருந்திருக்கிறது.

ஆனால் மாட்டின் மேல் இது வீண்பழி. 2007இல் அமெரிக்காவின் 'மித்பஸ்டர்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு தொழுவத்துக்குள் அலமாரிகளை நிறுத்திப் பீங்கான்களை அடுக்கி, காளைகளை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். அவை அலமாரிகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து ஓடின. எதிலும் இடிக்காமல் விலகிப் போயின. மாட்டுக்கு இங்கிதம் இருக்கிறது.

யானையும் லண்டனுக்குப் புதிதில்லை. ஸ்ட்ராண்டு சாலையில் எக்ஸீட்டர் சேஞ்ச் என்று ஒரு கட்டடம் இருந்தது: கீழே கடைகள், மேல்மாடியில் மிருகக் காட்சிசாலை. அந்த மாடியில், கடைகளின் தலைக்கு மேல், இந்தியாவிலிருந்து வந்த சூனி என்ற ஆண் யானையை வருஷக்கணக்கில் கூண்டில் வைத்திருந்தார்கள். யானை வைத்து வளர்த்த ஊர்க்காரர்களிடம் கேட்டிருந்தால் மதம் பிடிக்கும் காலத்தைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். 1826 பிப்ரவரியில் அது பாகனைக் கொன்றது. மார்ச் 1ஆம் தேதி பக்கத்து சாமர்செட் ஹவுஸிலிருந்து சிப்பாய்களை வரவழைத்துச் சுட்டார்கள்; 152 குண்டுகள் தேவைப்பட்டன என்று பதிவு. மூன்று வருஷத்தில் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். எக்ஸீட்டர் தெரு என்று ஒரு சந்து மட்டும் மிச்சம். பிபிசியின் தமிழோசை ஒலித்த புஷ் ஹவுஸிலிருந்து ஐந்து நிமிஷ நடை. ருஷ்யப் பிரிவும் அதே புஷ் ஹவுஸில்தான், 2012 வரை. கேன்டீனில் தமிழரும் ருஷ்யரும் அடுத்தடுத்து உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள். யானை விஷயம் அங்கே பேச்சில் வந்ததோ என்னவோ.

ருஷ்யத் தோழி இன்னொரு யானையும் தந்தார். டில்லியைச் சூறையாடிய நாதிர் ஷா 1741இல் பீட்டர்ஸ்பர்க்குக்குப் பரிசாக நகைகளோடு 14 யானைகளை அனுப்பினார். பனியில் யானை நடந்த ஊர் அது. அந்த ஊரில் வாழ்ந்த கிரிலோவ், நம் பஞ்சதந்திரம் போல விலங்குகளை வைத்து நீதிக்கதைப் பாட்டுகள் எழுதியவர். அவருடைய ஒரு கதையில் ஒருவன் அருங்காட்சியகத்துக்குப் போய் வருகிறான். ஈயைப் பார்த்தேன், வண்டைப் பார்த்தேன், குண்டூசித் தலையைவிடச் சின்னப் பூச்சியையும் பார்த்தேன் என்று பரவசப்படுகிறான். யானை எப்படி இருந்தது என்று நண்பன் கேட்கிறான். அட, யானையும் இருந்ததா, நான் கவனிக்கவில்லையே என்கிறான்.

இதைக் கேட்டதும் எனக்கு ஈஸ்ட் ஹாம் வீடு நினைவுக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன் போலிருக்கிறது.

2011இல் லண்டனுக்கு வந்த புதிதில் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் மாடி அறையில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரர்கள், யாழ்ப்பாணத்துக்காரர்கள், வயதான தம்பதி. முதல் வாரமே அந்த அம்மா தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார். "வாங்கோ பிள்ளை, இருங்கோ பிள்ளை" என்று வாய்க்கு வாய் பிள்ளை. நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். நல்லூர்க் கந்தன் நாட்காட்டி, சோபாவுக்கு வெள்ளைப் பின்னல் விரிப்பு, மூலையில் ஒரு தையல் மிஷின், தட்டில் பயத்தம் பணியாரம். ஒவ்வொன்றையும் பற்றி ஏதோ கேட்டு, ஏதோ புகழ்ந்து, நல்ல பெண் என்று பேர் வாங்கிக்கொண்டிருந்தேன். சுவரில் ஓர் இளைஞனின் படம். எங்கள் ஊர்க் கணக்கு சுலபமானது: இறந்தவர் படத்துக்கு மாலை இருக்கும், பொட்டு இருக்கும், கீழே சின்ன விளக்கு இருக்கும். இதற்கு எதுவும் இல்லை. அப்படியென்றால் உயிரோடு இருக்கிறார். லண்டனில் இல்லை என்றால் கனடா.

"பையனா அம்மா? கனடாவுல இருக்காரா?"

அவர் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"தெரியேல்லை" என்றார்.

அவர் கணவர் எழுந்து சமையலறைக்குப் போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகுதான் எனக்கு விளங்கியது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் பக்கம் அவனைக் கண்டதாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. மாலை போட்டால் போய்விட்டான் என்று தாயே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் போடவில்லை. பல வருஷங்கள் கழித்து, 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு அம்மாமார் தெருவோரப் பந்தலில் போராட்டம் தொடங்கியதைச் செய்தியில் பார்த்தேன். அந்தப் படங்களுக்கும் மாலை இல்லை.

விரிப்பையும் பணியாரத்தையும் பார்த்தவள் யானையைப் பார்க்கவில்லை.

வள்ளுவர் குறிப்பறிதல் என்று ஒன்றல்ல, இரண்டு அதிகாரம் வைத்திருக்கிறார். பொருட்பாலில் உள்ளது அரசனின் மனதைப் படிக்க வேண்டியவர்களுக்கு. காமத்துப்பாலில் உள்ளது காதலர்களுக்கு. விருந்தோம்பலோ விருந்து கொடுப்பவர்களுக்கு. தேத்தண்ணிக்குப் போய் வாயைத் திறக்கிறவர்களுக்கென்று அவர் தனியாக ஒரு அதிகாரம் எழுதியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு அவர் மேல் உண்டு.

அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு பணியாரம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மறுநாளும் படியில் பார்த்துச் சிரித்தார். குளிர்காலம் வந்ததும் பழைய கம்பளி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எதுவும் உடையவில்லை. 'பிள்ளை' மட்டும் நின்றுபோயிற்று. "சாப்பிட்டீங்களோ", "குளிருதோ" என்று எல்லாம் கேட்பார், முடிவில் அந்தச் சொல் இருக்காது.

இங்கிலீஷ் பழமொழியில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான். பீங்கான் உடைந்தால் சில்லு சில்லாகக் கண்ணுக்குத் தெரியும். கூட்டி அள்ளலாம், விலையைக் கொடுக்கலாம். வெண்கலம் வேறு ஜாதி. நாலு பங்கு செம்புக்கு ஏறத்தாழ ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்த உலோகம். மணி வார்ப்பதும் அதில்தான். பித்தளையைப் போல நெளியாது. கீழே விழுந்தால் கீறல் விடும், அதுவும் மயிரிழைக் கீறல், கண்ணில் படாது. அதனால்தான் கடையில் வெண்கலப் பானை வாங்கும்போது பாட்டி கண்ணால் பார்த்ததோடு விடமாட்டார். இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கை விரல் முட்டியால் தட்டி, காதைக் கொடுப்பார். கணீரென்று ஓசை இழுத்துக்கொண்டு போனால் நல்லது. சொத்தென்று அடங்கினால் அடுத்த பானை. சீர்காழி கோவிந்தராஜனுக்கு வெண்கலக் குரல் என்று பேர் வைத்தவர்களும் இந்தக் காதுக்காரர்கள்தான். இங்கிலீஷ்காரனுக்கும் அந்தக் காது கொஞ்சம் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் பாவம்: வாய்தவறிப் பேசிவிட்டால் 'க்ளாங்கர்' ஒன்றைக் கீழே போட்டுவிட்டேன் என்பான், ஓசையெழ விழும் ஏதோ ஒன்று.

பாட்டியின் பழமொழிக்கு அகராதி தரும் பொருள் இரைச்சல், களேபரம். எனக்கு அந்த யானை வெளியே போன பிறகுதான் கடை முக்கியமாகிறது. எல்லாப் பானையும் அலமாரியில் முழுசாக இருக்கிறது. எது நல்லது, எது கீறல் விட்டது என்று ஒவ்வொன்றாகத் தட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். பிறகு வேறு பக்கம் குடிபோனாலும், மாதம் ஒருமுறை மதுரை மிட்டாய்க் கடை முறுக்கோ சீடையோ கிடைத்தால் எடுத்துக்கொண்டு போவேன். நான் படத்தின் பக்கம் பார்ப்பதில்லை, பார்க்காமலும் இருப்பதில்லை. அது எப்படி என்று இந்த வேலையில் கற்றுக்கொள்ள முடியாது.

ஐயா இறந்து இப்போது நாலு வருஷம். அவர் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள், பக்கத்தில் மின்விளக்கு. போன மாதம் போனபோது அம்மா அந்த மாலையைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். தட்டி முடித்து, துணியை மடித்து, பக்கத்துப் படத்தின் கண்ணாடியையும் துடைத்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

"வாற ஆவணிக்கு இவனுக்கு நாப்பத்திரண்டு" என்றார்.